கடன் வாங்கிப் பறக்கலாமா?



நம் கூட்டங்களுக்குப் பேச வருகிற பெரியவர்கள் பலரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பெரிசா கனவு காணுங்க, உழைங்க, மத்ததெல்லாம் தானா வரும். நாமும் கைதட்டுகிறோம். அந்தக் கனவுக்கு யார் காசு கொடுப்பது என்ற கேள்வியை மட்டும் மேடையில் யாரும் தொடுவதில்லை. வீட்டுக்குப் போய் அப்பா அம்மா முன்னால் உட்காரும்போதுதான் அது வருகிறது.

இந்தக் கட்டுரையில் அந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு பிள்ளை தன் விருப்பத்துக்காகப் பெற்றோரின் சேமிப்பைக் கேட்கலாமா? கேட்கலாம் என்றால் எவ்வளவு கேட்கலாம், எப்படிக் கேட்க வேண்டும்?

எனக்கு இது ஏட்டுக் கேள்வி இல்லை. தேசிய சேவையை முடித்துவிட்டு இப்போது பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். என் ஆசை வர்த்தக விமானி ஆவது. அப்பா கப்பல் பட்டறையில் தொழில்நுட்பர். அம்மா பாலர் பள்ளியில் உதவியாளர். தங்கை பலதுறைத் தொழிற்கல்லூரியில் முதலாம் ஆண்டு. பாட்டி எங்களோடு இருக்கிறார். வீவக நான்கறை வீடு. உங்களில் பலருடைய வீடும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். ஆசை மட்டும் வேறாக இருக்கலாம்: வெளிநாட்டில் மருத்துவம், சொந்தமாக ஒரு கடை, சினிமா. பெயரை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். கேள்வி ஒன்றுதான்.

தமிழில் 'கடன்' என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வங்கியில் வாங்குவதும் கடன்; செய்தே தீர வேண்டிய கடமையும் கடன். காலைக்கடன், ஈமக்கடன், நேர்த்திக்கடன் என்றெல்லாம் சொல்கிறோம். நம் மரபு, மனிதன் மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்கிறது: தேவர்களுக்கு, ரிஷிகளுக்கு, பித்ருக்களுக்கு. அதாவது நாம் யாரும் கணக்கைப் பூஜ்யத்தில் தொடங்குவதில்லை. வங்கியில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே நாம் கடன்காரர்கள்தான்.

இதை வெறும் தத்துவமாக நான் சொல்லவில்லை. என் படிப்புக் கட்டணம், ஆண்டுக்கு 8,000 வெள்ளிக்குச் சற்று மேல், அப்பாவின் மத்திய சேம நிதியிலிருந்து கல்விக் கடனாகப் போகிறது. படிப்பு முடிந்து ஓராண்டில் நான் அதை வட்டியோடு அவர் கணக்குக்குத் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும். நம்மில் எத்தனையோ பேர் இப்படித்தான் படிக்கிறோம். இதன்மேல் இன்னொரு பெரிய தொகையைக் கேட்கலாமா என்பதுதான் பேச்சு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கணக்கைப் பார்க்காமல் தர்மத்தைப் பேசினால் அது காற்றில் பேசுவதாகிவிடும்.

பன்னாட்டு விதிகளின்படி வர்த்தக விமானி உரிமம் வாங்க 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பள்ளியில் தொடர் பயிற்சியாகச் செய்தால் 150 மணி நேரம் போதும். பெரிய விமானத்தில் தலைமை விமானியாக உட்காரத் தேவைப்படும் உரிமத்துக்கு 1,500 மணி நேரம். இதற்கெல்லாம் முன்னால் முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். கண், காது, இதயம், நிறம் பிரித்தறியும் திறன் எல்லாவற்றையும் சோதிப்பார்கள்.

அங்கே போக வழி இரண்டு. விமான நிறுவனமே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுப்பது ஒன்று. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பல்லாண்டுகளாகத் தன் பயிற்சி விமானிகளைச் சிங்கப்பூர் விமானக் கல்லூரி வழியாகத் தயார்செய்து வந்திருக்கிறது. அதற்குப் போட்டி கடுமை. தேர்வானால் ஆண்டுக்கணக்கில் அந்த நிறுவனத்துக்கே வேலை செய்கிறேன் என்று ஒப்பந்தம் போட வேண்டும். இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் பாதியில் விலகினால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். பிணையாளர் கையெழுத்தும் கேட்பது வழக்கம்.

சொந்தச் செலவில் வெளிநாட்டுப் பள்ளியில் சேர்வது இன்னொரு வழி. பயிற்சிக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, தேர்வுகள், இரட்டை இயந்திர விமானப் பயிற்சி, கருவிகளைப் பார்த்தே ஓட்டும் பயிற்சி என்று எல்லாம் சேர்ந்தால் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டிவிடும். கணக்குக்காக 150,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டியில் பத்து வருஷக் கடன் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 1,591 வெள்ளி. விமானி வேலையில் இருப்பவருக்கு இது சமாளிக்கக்கூடிய தொகைதான். வேலை கிடைக்காதவருக்கு? இரண்டு வருஷம் காத்திருந்தால் 38,184 வெள்ளி. இன்னும் சம்பளமே வாங்காத மாணவனுக்கு இவ்வளவு பெரிய கடனை எந்த வங்கியும் சும்மா கொடுக்காது. ஆக உரிமம் என் பெயரில் இருக்கும். தவணை அப்பா பெயரில் இருக்கும்.

"நல்லாப் படிச்சா வேலை கிடைக்காம போகுமா?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. மற்ற பல தொழில்களில் இதற்கு "கிடைக்கும்" என்று தைரியமாகச் சொல்லலாம். விமானத் தொழிலில் சொல்ல முடியாது.

2020 மார்ச்சில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் சேவைகளில் 96 விழுக்காட்டைக் குறைப்பதாக அறிவித்தது. அதுவும் சில்க்ஏரும் சேர்த்து வைத்திருந்த 147 விமானங்களில் 138 தரையிறக்கப்பட்டன. மே 1 முதல் சாங்கியின் இரண்டாம் முனையம் மூடப்பட்டது. செப்டம்பரில் குழுமம் முழுக்கச் சுமார் 4,300 வேலையிடங்கள் குறைக்கப்படும் என்ற செய்தி வந்தது. விமானிகள் சம்பளக் குறைப்பை ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் யாரும் தேர்வில் தோற்றவர்கள் இல்லை. சோம்பேறிகளும் இல்லை. வானம் மூடிவிட்டது, அவ்வளவுதான்.

அதே ஆண்டு நவம்பரில்தான் 'சூரரைப் போற்று' வந்தது. நாமெல்லாம் வீட்டில் உட்கார்ந்து பார்த்துக் கண்கலங்கினோம். அந்தப் படத்துக்கு மூலமான கேப்டன் கோபிநாத் 2003-இல் ஏர் டெக்கானைத் தொடங்கியது உண்மை. எளிய மனிதர்களை விமானத்தில் ஏற்றியதும் உண்மை. படம் முடிந்த பிறகு நடந்த கதையும் ஒன்று உண்டு. ஏர் டெக்கான் பிறகு கிங்ஃபிஷர் கைக்குப் போனது. கிங்ஃபிஷர் 2012-இல் பறப்பதை நிறுத்தியது. ஊழியர்கள் பல மாதச் சம்பளத்துக்காகப் போராடினார்கள். 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி ஜெட் ஏர்வேஸ் நின்றபோதும் விமானிகளுக்குச் சம்பளப் பாக்கி இருந்தது. படம் பார்த்துத் தைரியம் வரட்டும், தப்பில்லை. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது இந்த இரண்டாவது கதையும் நினைவில் இருக்க வேண்டும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2022-23 நிதியாண்டில் 2.16 பில்லியன் வெள்ளி நிகர லாபம் ஈட்டியது. விமானங்கள் திரும்பப் பறந்தன. ஆக, இந்தத் தொழில் செத்துப்போகிற தொழில் இல்லை. ஆனால் இரண்டு, மூன்று வருஷம் மூச்சடக்கி உட்கார வேண்டிய காலம் வரும். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்த மூச்சை அடக்கப்போவது யார்? நானா, என் வீடா? தர்மக் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

நண்பர்களிடம் இதைப் பேசினால் உடனே ஒருவர் கீதையை எடுப்பார். "ஸ்வதர்மம்டா. உனக்குப் பறக்கிறதுதான் ஸ்வதர்மம். அடுத்தவன் தர்மத்தில் நல்லா இருக்கிறதைவிட அதுதான் மேல்." கேட்க நன்றாக இருக்கிறது. மூன்றாம் அத்தியாயத்திலும் பதினெட்டாம் அத்தியாயத்திலும் கண்ணன் ஸ்வதர்மத்தைப் பற்றிச் சொல்வது உண்மைதான். ஆனால் யாரிடம், எந்த நிலையில் சொல்கிறான் என்று பாருங்கள். அர்ஜுனனுக்கு அந்த நேரத்தில் பிடித்தது வில்லைக் கீழே போட்டுவிட்டுப் போவது. கண்ணன் அதை ஸ்வதர்மம் என்று சொல்லவில்லை. உன்னை நம்பி ஒரு படை நிற்கிறது, உன் இடத்துக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது, அதைச் செய் என்கிறான். அங்கே ஸ்வதர்மம் என்பது 'எனக்குப் பிடித்தது' இல்லை. நம் காலத்தில் ஆசைக்குச் சம்ஸ்கிருதப் பெயர் வைத்துவிட்டு அதை ஸ்வதர்மம் என்கிறோம். என்னுடையது ஆசை. நல்ல ஆசை, நேர்மையான ஆசை. இருந்தாலும் அது ஆசைதான் என்று ஒத்துக்கொண்டு பேசினால் வீட்டில் பேச்சு சுலபமாகிறது.

அப்படியானால் பெற்றோர் பயப்படுவதையெல்லாம் நாம் தர்மம் என்று ஏற்றுக்கொள்ள வேண்டுமா? அதுவும் இல்லை. பயம் பயம்தான். பிள்ளை எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டு, நாற்பது வயதில் "உங்களாலதான் நான் போகலை" என்று வயதான அப்பாவிடம் சொன்னால், அது வட்டியோடு வருகிற இன்னொரு கடன். விட்டுக்கொடுப்பதும் முழு மனசோடு இருக்க வேண்டும். கொடுப்பதும் முழு மனசோடு இருக்க வேண்டும். ஒரு குடும்பத்தில் 'சரி' என்ற சொல் எப்போது உண்மையான 'சரி' ஆகிறது என்பதே இங்கே பிரச்சினை.

இதற்கு நம்மிடம் ஒரு பழைய கதை இருக்கிறது. ஆதிசங்கரர் சிறுவனாக இருந்தபோது துறவு போக அம்மாவிடம் அனுமதி கேட்டார். ஆர்யாம்பாள் கணவரை இழந்தவர், ஒரே பிள்ளை. எப்படி விடுவார்? ஒருநாள் காலடியில் ஆற்றில் குளிக்கும்போது முதலை பிள்ளையின் காலைப் பிடித்தது. "இப்போதாவது அனுமதி கொடு, துறவியாகவாவது சாகிறேன்" என்று பிள்ளை கத்த, தாய் பதறிப்போய்ச் சம்மதித்தார். முதலை விட்டுவிட்டது. மரபு சொல்லும் கதை இது.

சின்ன வயதில் இதைக் கேட்டபோது முதலைதான் எனக்குப் பெரிசாகத் தெரிந்தது. இப்போது அந்த அம்மாதான் தெரிகிறார். பிள்ளையின் கால் முதலை வாயில் இருக்கும்போது எந்தத் தாய் 'முடியாது' என்பாள்? அது சம்மதமா? கதையின் மீதிப் பாதியில்தான் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். சங்கரர் அப்படியே கிளம்பிவிடவில்லை. உன் கடைசி நேரத்தில் வருவேன், ஈமக்கடனை நானே செய்வேன் என்று வாக்குக் கொடுத்தார். துறவி செய்யக்கூடாத காரியம் அது. ஊரார் எதிர்த்தும் வந்து செய்தார். பதறிய நேரத்தில் வாங்கிய சம்மதத்துக்கு வாழ்நாள் முழுக்க விலை கொடுத்தார். இன்னொன்றும் உண்டு: அவர் அம்மாவிடம் அனுமதி கேட்டார், பணம் கேட்கவில்லை.

நம்முடைய முதலைகள் வேறு மாதிரி. "இந்த மாசத்தோட விண்ணப்பம் முடியுது." "இப்போ சேர்ந்தா கட்டணத்தில் தள்ளுபடி." "என் கூடப் படிச்சவனெல்லாம் போயிட்டான்." "இது இல்லேன்னா எனக்கு வாழ்க்கையே இல்லை." இதையெல்லாம் சொல்லி வாங்குகிற 'சரி', ஆற்றங்கரையில் வாங்கிய 'சரி'தான். வாங்கின பிறகு நம்மில் எத்தனை பேர் சங்கரர் மாதிரி திரும்பி வரப்போகிறோம்?

எங்கள் வீட்டில் நான் பேச்சை எடுத்தபோது அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "உன் இஷ்டம்ப்பா" என்றார். அம்மா, "நகை இருக்குல்ல, பார்த்துக்கலாம்" என்றார். சிராங்கூன் சாலையில் பல வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த நகை. தங்கையை மனசில் வைத்துச் சேர்த்தது. தங்கை அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவளிடம் யாரும் கேட்கவும் இல்லை.

அன்றைக்கே "ஆமாம்மா" என்று சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். நான் ஒரு வாரம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த வாரத்தில் எனக்குப் புரிந்தது இது: 'உன் இஷ்டம்' என்பது சம்மதம் இல்லை. பாசம் பேசுகிற இடத்தில் கணக்கு வாய் திறப்பதில்லை. அவர்களால் 'முடியாது' என்று சொல்ல முடிந்தால்தான் அவர்களுடைய 'சரி'க்கு மதிப்பு. அந்த இடத்தை அவர்களுக்கு அமைத்துக் கொடுப்பது கேட்கிறவனுடைய பொறுப்பு. கொடுக்கிறவர்களுடையது இல்லை.

தைப்பூசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை காவடி எடுத்து நடப்பவர் தன் நேர்த்திக்கடனைத் தன் தோளில் சுமக்கிறார். பிள்ளைக்காக அம்மா பால்குடம் எடுப்பதுண்டு. அவர் தானாக வேண்டிக்கொண்டு எடுப்பது அது. என் வேண்டுதலுக்கு அம்மா தோளில் காவடியை ஏற்றிவிட்டு, நான் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு நடந்தால் எப்படி இருக்கும்?

அடுத்த வாரம் நான் ஒரு தாளோடு உட்கார்ந்தேன். மேலே 'தொடக்கூடாதவை' என்று எழுதி, எல்லாரும் சேர்ந்து நிரப்பினோம். முதல் வரி அப்பாவின் சேம நிதி. அடுத்த வருஷம் அவருக்கு 55 வயது. அந்த வயதில் ஓய்வுக்காலக் கணக்கு உருவாகிறது. அதற்கென்று குறித்த தொகைக்கு மேல் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம், குறைவாக இருந்தாலும் 5,000 வெள்ளி வரை எடுக்கலாம். பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் இருக்கும் நேரமும் பெற்றோருக்கு 55 வயதாகும் நேரமும் பல வீடுகளில் ஒன்றாகவே வருகின்றன. அங்கேதான் கை நீளும். அந்தப் பணம் 65 வயதுக்குப் பிறகு மாதாமாதம் சோறு போட வேண்டிய பணம். அது வேண்டாம் என்று நானே எழுதினேன்.

இரண்டாவது, வீடு. வீவக வீட்டை வங்கியில் ஈடு வைத்து இதற்கெல்லாம் ரொக்கம் வாங்க முடியாது. வேண்டுமென்றால் விற்றுவிட்டுச் சின்ன வீட்டுக்குப் போகலாம். பாட்டி, "எனக்கு இந்த புளோக்கை விட்டா யாரைத் தெரியும்?" என்றார். முடிந்தது பேச்சு. மூன்றாவது, தங்கையின் படிப்பு. நான்காவது, அம்மாவின் நகை. இதைத் தங்கைதான் சொன்னாள், மெதுவாக. ஐந்தாவது, மாமாவின் கையெழுத்து. பிணையாக நிற்க அவர் தயார்தான். ஆனால் அவருக்கும் இரண்டு பிள்ளைகள். ஆறாவது, உரிமம் பெற்ற கடன்கொடுப்பவர்கள். அவர்கள் மாதத்துக்கு 4 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம் என்பது சட்டம். ஆண்டுக்கு இல்லை, மாதத்துக்கு. அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது என்றார் அப்பா.

பிறகு 'தொடலாம்' என்ற பக்கம். தேசிய சேவையில் சேர்த்தது, துணைப்பாட வகுப்பு எடுத்துச் சம்பாதித்தது, இனிமேல் நான் பொறியாளராக வேலை செய்து சேர்க்கப்போவது. மாதம் 1,500 வெள்ளி வீதம் நான்கு வருஷம் சேர்த்தால் 72,000. அப்போது 150,000-இல் மிச்சம் 78,000. என் சொந்தச் சம்பளத்தின்மேல், என் பெயரில் அதே வட்டிக்கு எடுத்தால் தவணை மாதம் சுமார் 827 வெள்ளி. வானம் இரண்டு வருஷம் மூடினால்கூட 20,000 வெள்ளிக்குள். பொறியாளர் வேலைக்குத் திரும்பி நானே கட்டிவிடலாம்.

இங்கே அப்பா ஒன்று சொன்னார். "நாலு வருஷம் நீ வீட்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம். சாப்பாடு, தங்கறது இங்கேயே. அதை எங்க பங்குன்னு வச்சுக்கோ." வேலைக்குப் போகும் பிள்ளை மாதாமாதம் பெற்றோர் கையில் கொடுப்பது நம் வீடுகளின் வழக்கம். அவர் மூன்று விஷயத்துக்கு 'முடியாது' சொல்லிவிட்டு இந்த ஒன்றுக்கு 'சரி' சொன்னார். அதனால்தான் அந்தச் 'சரி'யை என்னால் நம்ப முடிந்தது.

நான்கு வருஷம் காத்திருப்பது பெரிய விஷயம்தான். இருபத்தெட்டில் பயிற்சி தொடங்கினால் முப்பதில் உரிமம். பன்னாட்டுச் சேவையில் விமானிகள் 65 வயது வரை ஓட்டலாம். முப்பத்தைந்து வருஷம் மிச்சம் இருக்கிறது. பணம் செலவு செய்வதற்கு முன்னால் முதல் வகுப்பு மருத்துவச் சோதனையை முடித்துவிடுவேன். உடம்பு 'முடியாது' என்றால் ஒரு வெள்ளிகூடப் போகாமல் தெரிந்துவிட வேண்டும். நிறுவனப் பயிற்சிக்குத் தகுதி வந்ததும் விண்ணப்பிப்பேன். முப்பத்தைந்து வயதுக்குள் ஒன்றும் அமையவில்லை என்றால் நிறுத்திக்கொள்வேன் என்று தாளின் கடைசி வரியில் எழுதியிருக்கிறேன். நான் பறக்காமலே போகலாம். அதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்தது. ஆனால் அந்த வரி இல்லாத தாளை அப்பா அம்மாவிடம் நீட்ட எனக்கு உரிமை இல்லை.

பள்ளியிலும் தொடக்கக் கல்லூரியிலும் இருக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. சிலேத்தாரில் சிங்கப்பூர் இளையர் விமானக் கழகம் இருக்கிறது. 1971 முதல் இயங்குகிறது. தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் அரசு உதவியோடு தனியார் விமானி உரிமம் வரை அங்கே பயிலலாம். உங்கள் ஆசை நிஜமா, படம் பார்த்த வேகமா என்று குடும்பத்தைக் கடனில் தள்ளாமல் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

"உங்க தாத்தா கடன் வாங்கித்தானே கப்பல் ஏறினார்? அவர் யோசிச்சிருந்தா நீங்க இங்கே இருப்பீங்களா?" என்று சிலர் கேட்கலாம். சரியான கேள்வி. என் தாத்தா ரஜூலா கப்பலில் வந்தவர். கடனும் இருந்தது. இதற்குப் பதிலை எனக்குச் சொன்னவர் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து இங்கே கட்டுமான வேலைக்கு வந்த ஓர் அண்ணன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் சாப்பிடும்போது பேச்சுக் கொடுத்தேன். முகவருக்குக் கட்ட நிலத்தை அடகு வைத்து வந்திருக்கிறார். "மொத வருஷ சம்பளம் என்னுது இல்ல தம்பி, அந்த நெலத்துக்கு. வேலை புடிக்கலேன்னாலும் போக முடியாது. கடன் காலைக் கட்டிருச்சுல்ல?" என்றார். பிறகு அவரே, "ஆனா வீட்டுக்காகத்தான வாங்குனேன்" என்றும் சொன்னார்.

அந்த ஒரு வரியில்தான் வித்தியாசம். தாத்தாவும் அந்த அண்ணனும் வீட்டைக் கரையேற்றக் கடன் வாங்கினார்கள். சுமையையும் தாங்களே சுமந்தார்கள். வீடு ஏற்கெனவே கரையேறிய பிறகு, என் ஆசைக்காக அதைத் திரும்பத் தண்ணீரில் இறக்குவது வேறு. வீரம் என்று இரண்டையும் ஒரே பெயரால் கூப்பிடக் கூடாது.

பெற்றோர்களும் இந்த இதழைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை வந்து கேட்டால் 'உன் இஷ்டம்' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'இது முடியும், இது முடியாது' என்று சொல்லுங்கள். உங்கள் 'முடியாது' எங்களைக் கொன்றுவிடாது. அது தெரியாமல் வாங்கின 'சரி'தான் பின்னால் உறுத்தும்.

நண்பர்களே, பெற்றோர் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்குவது நமக்குத் தெரியும். அது சுலபம், அவர்கள் எப்படியும் கொடுப்பார்கள். அதற்கு முன்னால் எதிரே உட்கார்ந்து கணக்கைக் காட்டுவோம். தங்கை தம்பியையும் பக்கத்தில் உட்கார வைப்போம். எது போனாலும் எது போகக்கூடாது என்று அவர்களையே சொல்லச் சொல்வோம். அதன் பிறகு கிடைப்பது சின்னத் தொகையாக இருக்கலாம். ஆனால் அது மனசாரக் கொடுத்ததாக இருக்கும்.